உன் முழங்கையும் என் பொறாமையும்

நைனா,

செவ்வாய்க்கிழமை போனை வைத்தது நான்தான். சிக்னல் போய்விட்டது என்று உன் அப்பாவிடம் சொன்னேன், அவரும் நம்பிவிட்டார். நீ கேட்டது சின்ன விஷயம். "கல்யாணத்தன்னிக்கு உனக்கும் அப்பாவுக்கும் பாதபூஜை பண்றப்ப, பக்கத்துல இன்னொரு மணை போட்டு ஸ்டெல்லாம்மாவையும் உக்கார வெக்கலாம்னு இருக்கேன், நீ இன்னாம்மா சொல்றே?" என்றாய். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நீ அதை ரம்யாவிடம் நாசூக்காக மாற்றிச் சொல்லியிருப்பாய். "பேசாம அவளையே பெத்தவன்னு பத்திரிகைல போட்டுக்கோ. நான் பந்தியில சோறு போட்டுகினு நிக்கிறேன்" என்றேன். என்னைவிட எட்டு வயது மூத்த ஒரு பெண்மணியை "அவ" என்றேன். அதற்குப் பிறகு நான்கு நாள் ஆகிவிட்டது. நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. போனில் பேசினால் நான் நடுவில் கத்துவேன், நீ "சரிம்மா வுடு" என்பாய், சொல்ல வேண்டியது உள்ளேயே தங்கிவிடும். அதனால் எழுதுகிறேன். ரம்யாவும் படிக்கட்டும், உன் அப்பாவும் படிக்கட்டும். அவருக்கும் தெரியாத விஷயம் இதில் இருக்கிறது.

எனக்கு ஸ்டெல்லா மேடம்மேல் பொறாமை. இருபத்து மூன்று வருஷமாகப் பொறாமை. ரம்யாவுக்குப் புரியட்டும் என்று சொல்கிறேன்: ஸ்டெல்லா மேடம் பிசியோதெரபிஸ்ட், நான் செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸ், போன வருஷம் ரிட்டயர் ஆனேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தபோது நீ முதலில் போன் செய்தது அவருக்கு. ஹாஸ்டலில் காய்ச்சல் வந்தபோது எந்த மாத்திரை போடலாம் என்று கேட்டது அவரிடம். நர்ஸ் நான், நைனா. காய்ச்சல் எனக்கும் தெரியும். ரம்யாவைப் பிடித்திருக்கிறது என்ற செய்திகூட எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. "ஸ்டெல்லாம்மா ஓகே சொல்லிட்டாங்க" என்று ஆரம்பித்துத்தான் நீ சொன்னாய். பெண் யார் என்று கேட்பதற்குமுன் அந்த "அம்மா" என் காதில் விழுந்தது. உனக்கு என் ஒரு அறிவுரை, இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்: ரம்யாவின் அம்மாவை முதல் நாளே "அம்மா" என்று கூப்பிட்டுவிடாதே. ஒரு வருஷமாவது "அத்தை" என்று கூப்பிடு. இது நியாயம் இல்லை என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

உனக்கு ஐந்து வயது. நான் காலை டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன். நீ ஓடிவந்து பின்னாலிருந்து என்னைக் கட்டிக்கொண்டாய். பானை நழுவி, கொதிக்கிற கஞ்சி உன் வலது கையில் ஊற்றியது. வெறும் வெந்நீராக இருந்தால் வழிந்து ஓடியிருக்கும். கஞ்சி தோலில் ஒட்டிக்கொண்டு எரிக்கும். முழங்கை மடிப்பில்தான் அதிகம் தேங்கியது. நான் உன்னைத் தூக்கிக் குழாயடிக்கு ஓடினேன், இருபது நிமிஷம் தண்ணீரில் பிடித்துக்கொண்டேன், என் வார்டுக்கே கொண்டுபோனேன், என்னோடு வேலை பார்த்தவர்களே உனக்குக் கட்டுப் போட்டார்கள். இதுவரை நான் ஒரு தப்பும் செய்யவில்லை. இந்தக் கதையை இதோடு நிறுத்தித்தான் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன், கேட்டவர்களும் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள்.

புண் ஆறத் தொடங்கியதும் உன் கையை நீட்டிய நிலையில் வைக்க ஒரு பிளாஸ்டிக் தகடு கொடுத்தார்கள். ஸ்ப்ளிண்ட் என்போம். உள்ளே மெத்தென்று துணி, வெளியே மூன்று பட்டை. குளிக்கும்போதும் பயிற்சியின்போதும் தவிர, ராத்திரி பகல் எந்நேரமும் கையில் இருக்க வேண்டும். இந்த விஷயத்தை எத்தனை தாய்மார்களுக்கு நான் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. "கை எப்பிடி வெச்சா புள்ளைக்கு சொகமா இருக்கோ அப்பிடி மட்டும் வெச்சிடாதீங்க. மடங்கி இருந்தா அப்பிடியே ஒட்டிக்கும், அப்புறம் கத்தி வெச்சுதான் பிரிக்கணும்" என்று அதட்டுவேன். கட்டைக் கழற்றிவிட்டு வந்த ஒரு அம்மாவை, நீ எல்லாம் பெத்தவளா என்று கேட்டிருக்கிறேன். அவள் பச்சையம்மன் கோயில் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்தவள். அந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

உனக்காக மூன்று மாதம் லீவு போட்டேன். வீட்டில் நீயும் நானும்தான். தகடு மாட்டினால் நீ அழுவாய். சும்மா அழவில்லை, "கட்டு வோணாம்மா, கட்டு வோணாம்மா" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுவாய். முதல் வாரம் பொறுத்தேன். இரண்டாம் வாரம் அரை மணி நேரம் கழற்றினேன். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. உன் அப்பா நெல் லாரியை எடுத்துக்கொண்டு மதுராந்தகம் கிளம்பியதும் கழற்றுவேன். சாயங்காலம் தெருமுனையில் அவருடைய ஹாரன் கேட்டதும் மாட்டுவேன். அவர் லோடு போய் இரண்டு நாள் வராவிட்டால் இரண்டு நாளும் தகடு அலமாரியில் இருக்கும். உனக்கு இதெல்லாம் நினைவில்லை. இருக்கிறதா என்று வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் மாத முடிவில் உன் கை பாதிக்குமேல் நீளவில்லை. முழங்கை மடிப்பின் குறுக்கே தடித்த கயிறு மாதிரி தழும்பு இழுத்துக்கொண்டு நின்றது. டாக்டர் பார்த்துவிட்டு, "ஸ்ப்ளிண்ட் ஒழுங்கா போட்டீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். பதினோரு வருஷம் வேலை பார்த்த வார்டு அது. என்னோடு வேலை பார்த்த மூன்று பேர் பக்கத்தில் நின்றார்கள். "போட்டேன் சார். ஒரு நாளும் கழட்டல" என்றேன். அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. நான் சொன்னதை வைத்துக்கொண்டு, சில பேருக்கு உடம்பு வாகு அப்படி, தழும்பு ரொம்ப இழுக்கும் என்றார். நான் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உன் அப்பாவிடம் சொன்னேன், சொந்தக்காரர்களிடம் சொன்னேன், விவரம் தெரிந்ததும் உன்னிடமும் சொன்னேன். "உன் உடம்பு வாகு அப்பிடி நைனா, உன் தோலு ரொம்ப இழுக்குது." நீ அதை நம்பி வளர்ந்தாய்.

ஆறு வயதில் தழும்பை வெட்டிப் பிரித்துத் தொடைத் தோலை எடுத்து வைத்தார்கள். அதற்குப் பிறகு மறுபடி சுருங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு ஸ்டெல்லா மேடத்திடம் வந்தது. இரண்டு வருஷம். அவர் உன்னைக் கொஞ்சவே மாட்டார். எண்ணெய் தடவுவார், கையை நீட்டுவார், நீ அலறுவாய், "கத்து, நல்லா கத்து, பத்து எண்ற வரைக்கும் வுட மாட்டேன்" என்பார். பத்து எண்ணிவிட்டுத்தான் விடுவார். நான் கதவுக்கு வெளியே நின்று காதைப் பொத்திக்கொள்வேன். இவளிடம் இனி இவன் வரவே மாட்டான் என்று உள்ளூர எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. ஆறே வாரத்தில் நீ காலையில் எழுந்ததும் "இன்னிக்கு ஸ்டெல்லாம்மாகிட்ட போறோமா?" என்று கேட்க ஆரம்பித்தாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் உன்னைத் தன் ஊருக்குக் கூட்டிப்போவார். மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரக் குப்பம், அவருடைய அண்ணனுக்குக் கரைவலை இருந்தது. படகில் கொண்டுபோய் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றால் இழுப்பார்கள் இல்லையா, அந்தக் கயிற்றில் உன்னைப் பிடிக்க வைத்துவிடுவார். நீ முன்னால், அவர் உன் பின்னால் உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. ஆட்கள் சத்தம் கொடுத்து இழுக்கும்போது உன் கை தானாக நீளும். ஒரு தடவை நானும் வந்தேன். கண்ணில் தண்ணீர் வழிய வழிய நீ "ஏலோ" போட்டுக்கொண்டிருந்தாய். வலை கரையேறியதும் அழுத கண்ணோடு திரும்பினாய். நான் பத்தடி தள்ளி முந்தானையை விரித்துக்கொண்டு நின்றேன். நீ அவர் வயிற்றில் போய் முகத்தைப் புதைத்தாய். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மணலில் எதையோ தேடுவது போல் குனிந்தேன். அன்றைக்கு அவருடைய அண்ணன் ஒரு கூடை கவலை மீன் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

இதோடு போகவில்லை. உன் எட்டாவது பிறந்தநாளுக்கு அவர் ஒரு சட்டை வாங்கித் தந்தார். அரைக்கை. நான் உனக்கு முழுக்கைச் சட்டைதான் வாங்குவேன், சித்திரை வெயிலிலும் முழுக்கைதான். யாரும் உன் தழும்பைப் பார்த்துப் பாவம் என்று சொல்லக்கூடாது என்பதற்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அரைக்கைச் சட்டை எங்கே என்று நீ மூன்று நாள் தேடினாய். பழைய துணியோடு போட்டு ஒரு எவர்சில்வர் கிண்ணம் வாங்கிவிட்டேன். பாத்திரக்காரிகூட, "இன்னாக்கா, மடிப்பே கலையல, இதையும் போடறியா?" என்று கேட்டாள். போட்டேன். ரசம் ஊற்றிக்கொள்கிறாயே, அந்தக் கிண்ணம்தான்.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். ஓஎம்ஆரில் உன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு என்னைக் கூட்டிப்போன அன்று, ரம்யா டீ வாங்கப் போயிருந்தாள், நீ மைக்ராஸ்கோப்பை எனக்காகச் சரிசெய்து கொடுத்தாய். மெல்லிய ரப்பர் படலம், அதன் நடுவில் ஒரே ஒரு செல். அதைச் சுற்றிப் படலம் முழுக்கச் சுருக்கம், ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்த காட்டன் புடவை மாதிரி. "அது சும்மா குந்திகினு இல்லம்மா" என்றாய். "அடியில பொட்டுப் பொட்டா ஒட்டிப் புடிச்சுகினு கீது. புடிச்ச எடத்தையெல்லாம் தன் பக்கம் இழுக்குது." எதற்கு இழுக்கிறது என்று கேட்டேன். "இழுத்துப் பார்த்துதான் தான் எங்க கீறோம்னு அதுக்குத் தெரியும். எடம் கெட்டியா இருந்தா நல்லா பரவி பலமா இழுக்கும். மெத்துனு இருந்தா சுருண்டுக்கும்" என்றாய். அப்புறம் இன்னொரு தட்டில் தோல் செல்கள் பாய் விரித்த மாதிரி ஒட்டிக்கிடந்தன. நடுவில் நீ ஒரு கீறல் போட்டிருந்தாய். இரண்டு பக்கச் செல்களும் ஒன்றையொன்று பிடித்தபடியே அந்தக் கீறலுக்குள் நகர்ந்து வந்ததை வீடியோவாக ஓட்டிக் காட்டினாய். முன்னால் போகிற செல் பின்னால் இருப்பதை இழுத்துக்கொண்டு போகிறது. "இப்பிடி இழுத்தா கைய வுட்டுடாதா?" என்றேன். "இல்லம்மா, இழுவை வர்ற எடத்துக்குத்தான் செல்லு உள்ளேர்ந்து இன்னும் ஆளுங்கள அனுப்பி முட்டுக் குடுக்குது. இழுக்க இழுக்க அந்தப் புடி பலமாவும்." நீ ஆசையாகச் சொல்லிக்கொண்டே போனாய். நான் கரைவலையையும், கண்ணீரோடு திரும்பிய உன்னையும், நீ போய் ஒட்டிக்கொண்ட இடத்தையும் நினைத்துக்கொண்டிருந்தேன். இழுத்தவரிடம்தான் நீ ஒட்டினாய். எதையும் பிடிக்க விடாமல் மிதக்க விட்டால் அந்தச் செல் என்ன ஆகும் என்று கடைசியாகக் கேட்டேன். "ரொம்ப செல்லு செத்துப்பூடும்மா" என்றாய், தட்டை மூடிக்கொண்டே. அதற்குள் ரம்யா டீயோடு வந்துவிட்டாள்.

காயத்தின் அடியில் இருக்கிற செல்கள் நாரைப் பிடித்து இழுத்து ஓரங்களைச் சேர்ப்பதையும், மூட்டு மடங்கியிருந்தால் அந்த நீளமே சரி என்று எடுத்துக்கொண்டு அங்கேயே புது நாரைப் போட்டு இறுக்கிவிடுவதையும் நீ எனக்கு விளக்கினாய். "அதுக்குத்தான் நீங்க வார்டுல நீட்டி வெச்சு கட்டறீங்க" என்றாய். நான் தலையாட்டினேன். ஒழுங்காகக் கட்டியும் சிலருக்கு ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் உன் கேள்வி. ஆறு வருஷமாக அதைத்தான் தேடுகிறாய். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று உனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் அந்த டாக்டரிடம் சொன்ன பொய்யிலிருந்து வந்தது.

போன மாதம் சாப்பிட வந்தாயே, வஞ்சிரம் குழம்பு வைத்திருந்தேன். சம்மதக் கையெழுத்து, கமிட்டி அனுமதி எல்லாம் முடித்து, உன் தழும்பிலிருந்தே அரிசி அளவு துண்டு எடுக்க வைத்து, அந்தச் செல்களை வளர்த்துப் பார்த்ததாகச் சொன்னாய். "என் செல்லு ரொம்ப சாதாரணமா கீதும்மா. எல்லார் செல்லும் இழுக்கற அளவுதான் இழுக்குது" என்றாய். ஒரு ஆளை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது என்றும் சொன்னாய். அப்புறம் சாப்பாட்டுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு, உன் முழங்கையையே பார்த்தாய். "அப்ப இன்னாத்துக்கும்மா ஒட்டிச்சு?" என்று கேட்டாய். என்னைக் கேட்கவில்லை, உன்னையே கேட்டுக்கொண்டாய். நான் ரசம் எடுத்து வருகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். கல்யாணம் முடிந்ததும் வேறு இடத்திலிருந்து இன்னொரு துண்டு எடுக்கப்போவதாக நீ அங்கிருந்தே சொன்னது கேட்டது.

அதை எடுக்காதே, நைனா. உன் தோலில் ஒரு குறையும் இல்லை. உன் செல் சொன்னது சரி. நான்தான் கட்டைக் கழற்றினேன்.

இதை உன்னிடம் சொல்லும் தைரியம் எனக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. செவ்வாய்க்கிழமை போனை வைத்த பிறகு உன் அப்பா என்ன விஷயம் என்று கேட்டார். மணை விஷயத்தை மட்டும் சொன்னேன். "ரெண்டு மணை போடற எடத்துல மூணு போட்டா இன்னா இப்போ? அந்தம்மா இல்லன்னா இவன் சோத்தை வாய்க்குக் கொண்டாற முடியாது. இதுல இன்னா பேஜாரு ஒனக்கு?" என்றார். அவங்க கிறிஸ்தவங்க, நம்ம மணையில எப்படி உட்காருவாங்க என்று ஒரு சாக்கு சொன்னேன். "ஒன் புள்ளைக்குக் கஞ்சி கொட்னப்ப ஜாதகம் பாத்தா ட்ரீட்மெண்ட் குடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டு டிவியைப் போட்டார். அவரிடம் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் நான் வேறு வழி யோசித்தேன். ஸ்டெல்லா மேடத்தையே போய்ப் பார்ப்பது, பத்திரிகை வைப்பது, பாதபூஜை மட்டும் வேண்டாம் என்று அவர் வாயாலேயே உன்னிடம் சொல்ல வைப்பது. வியாழக்கிழமை காலையில் திருப்போரூர் வழி பஸ் ஏறினேன். வழி முழுக்க என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். பழம் வாங்கும்போதுகூட ஒரு சீப்பு போதும் என்று வாங்கினேன்.

கேளம்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறார். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு கைத்தடி. கதவைத் திறந்ததும், "உள்ள வாங்க சிஸ்டர்" என்றார். எத்தனை வருஷமானாலும் அவருக்கு நான் சிஸ்டர்தான், எனக்கு அவர் மேடம்தான். காபி கொடுத்தார். நான் பத்திரிகைத் தட்டை எடுத்து வைப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். "அவன் போன் பண்ணான், பாதபூஜைன்னு சொன்னான். எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. எங்க கோயில்ல பெரிய வியாழனன்னிக்கு சாமியார் பன்னெண்டு பேரு காலைக் கழுவுவாரு. ஒரு வருஷம்கூட என்னைக் கூப்ட்டதில்ல." அப்புறம் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான் உக்காரல சிஸ்டர். இடுப்பு வலின்னு நானே அவன்கிட்ட சொல்லிடறேன். நீங்க சொன்னதா இருக்க வேணாம்" என்றார்.

நான் கேட்க வந்ததை, கேட்பதற்குமுன் கொடுத்துவிட்டார். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. விட்டுக்கொடுப்பதிலும் இவர்தானா முந்திக்கொள்ள வேண்டும் என்று வந்தது. அந்தக் கோபத்தில்தான் வாய் தவறியது, அல்லது தவறவில்லை, எனக்கே தெரியவில்லை. "அந்த ஸ்ப்ளிண்டை நான் போடல மேடம்" என்றேன். "மூணு மாசமும் கழட்டி கழட்டி வெச்சிட்டேன்."

"தெரியும் சிஸ்டர்" என்றார்.

"எப்ப தெரியும்?"

"மொத நாளே. ஆபரேஷனுக்கு முன்னாடி அந்தப் பழைய ஸ்ப்ளிண்டைக் கொண்டாந்தீங்க இல்ல, நான் மோந்து பாத்தேன். கொழந்தை கையில போட்டது ரெண்டு நாள்லயே வேர்வை நாத்தம் அடிக்கும். அது கடையில வாங்குன மாதிரி இருந்துச்சு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா கை நீண்டுடுமா?" என்றார். "நான் இழுக்கறவ சிஸ்டர். இழுத்து அழ வெச்சு அனுப்புனா, போய்ப் படுக்க அவனுக்கு ஒரு மடி வேணும். அந்த மடி மேல அவனுக்கு சந்தேகம் வந்துட்டா மறுநாள் என்கிட்டயும் வர மாட்டான்." அப்புறம், "எனக்கும் உங்க மேல பொறாமைதான். அஞ்சு மணி ஆனா போதும், என்னைத் திரும்பிக்கூட பாக்காம உங்ககிட்ட ஓடிடுவான்" என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன். ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் எனக்குத் தித்தித்தது. அல்பத்தனம்தான், மறைக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நான்கைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அவரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் அழுகை பொறுக்காமல்தான் கழற்றினேன் என்று மேலே எழுதினேன். அது பாதிதான். தகடு மாட்டியிருந்தால் உன் கை கட்டை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், உன்னைப் பக்கத்தில் போட்டுக்கொள்ள முடியாது. கழற்றிவிட்டால் மத்தியானம் அந்தக் கையை மடக்கி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குவாய். வேலை, டியூட்டி என்று ஐந்து வருஷம் உன்னைச் சரியாக வைத்துக்கொள்ளாதவள் நான். அந்த மூன்று மாதம்தான் நீ முழுசாக எனக்குக் கிடைத்தாய். உன் கை என் கழுத்தைச் சுற்றி இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அந்த அளவுக்கே உன் கை ஒட்டிக்கொண்டது. நாளைக்கு உனக்கும் ரம்யாவுக்கும் ஒரு குழந்தை பிறந்து, அதற்கு வலிக்கிற ஒன்றை நீங்கள் செய்ய வேண்டி வந்தால், செய்யுங்கள். இரண்டு பேரும் பக்கத்தில் நின்று செய்யுங்கள். முடியாமல் போனால், முடியவில்லை என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் அந்த டாக்டர் கேட்டபோது சொல்லியிருந்தால் ஒரு நாள் தலைகுனிவோடு முடிந்திருக்கும். சொல்லாததால் நீ ஆறு வருஷம் உன் உடம்பைக் குற்றவாளியாக வைத்து விசாரித்திருக்கிறாய். உன் ஆராய்ச்சி வீண் என்று நான் சொல்ல மாட்டேன், அந்தக் கேள்வி உள்ளவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள், என் வார்டில் பார்த்திருக்கிறேன். உன் பெயரை மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு.

ஸ்டெல்லா மேடத்துக்குப் பத்திரிகை வைத்துவிட்டேன். வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்து, "மணையில உக்காரத்தான் வரணும், இடுப்பு வலின்னா நாற்காலி போடச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வருகிறார். என் வலது பக்கம் அவருக்கு இடம் போடச் சொல். உன் சட்டை அரைக்கையா முழுக்கையா என்று நான் கேட்கப்போவதில்லை.

இதையெல்லாம் படித்த பிறகு என் காலைத் தொட உனக்கு மனசு வராமல் போகலாம். வராவிட்டால் இப்போதே சொல்லிவிடு, நைனா. மண்டபத்தில் எல்லார் முன்னாலும் உட்கார்ந்துகொண்டு அதைத் தெரிந்துகொள்ள என்னால் முடியாது. மனசு வந்தால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பேரும் சமம், யார் காலை முதலில் கழுவினால் என்ன என்று என்னிடம் நியாயம் பேசாதே. முதலில் என் கால். அப்புறம் அவங்க கால்.

அம்மா